பிரெஞ்சில் ஆண்பால், பெண்பால்: வண்ண அட்டையா, வாய்ப்பழக்கமா?

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வகுப்பறைச் சொற்களைக் கற்றுத்தரும்போது, எது ஆண்பால், எது பெண்பால் என்பதைப் பதியவைக்க (பிரெஞ்சில் உயிரற்ற பொருள்களின் பெயர்களுக்கும் பால் உண்டு) இரண்டு வழிகள் பழக்கத்தில் உண்டு. ஆண்பாலுக்கு நீல அட்டை, பெண்பாலுக்குச் சிவப்பு அட்டை என்று படம் ஒட்டுவது ஒன்று. பெயரைத் தனியாகச் சொல்லவே சொல்லாமல், ஆண்பாலான பேனாவுக்கு 'அன் ஸ்டிலோ', பெண்பாலான ரப்பருக்கு 'யூன் கோம்' என்று ஆர்ட்டிகிளோடு, அதாவது பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லோடு, ஒரே மூச்சில் சொல்லிப் பழக்குவது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டை சுவரில் பார்க்க அழகு. பிள்ளைகளும் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆனால் நிறத்தை. நாற்காலிப் படத்தைக் காட்டினால் "சிவப்பு!" என்று கத்தும் அதே பிள்ளை, பேசும்போது 'அன் ஷேஸ்' என்கிறது, வரவேண்டியது 'யூன்'. நிறம் நினைவில் இருக்கிறது, நாக்குக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தால் இது என்ன பால் என்று ஒரு குழப்பம்.

சரி, ஒட்டித்தான் சொல்வது என்றால் எந்த ஆர்ட்டிகிளை ஒட்டுவது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பலரும் ஆங்கில 'the' போன்ற 'லு' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்று தொடங்குவார்கள். உயிரொலியில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் வெறும் 'ல்' ஆகச் சுருங்கிவிடும். பள்ளி 'லெகோல்', சிலேட்டு 'லார்துவாஸ்', கணினி 'லோர்தினாத்தர்'. முதல் இரண்டும் பெண்பால், மூன்றாவது ஆண்பால்; கேட்கும் காதுக்கு ஒரு துப்பும் கிடையாது. 'என்னுடைய' என்று மாற்றினால் இன்னும் மோசம். பெண்பாலுக்குரிய 'மா' போய், சிலேட்டுக்கும் ஆண்பால்போல 'மோன்' வந்துவிடும். பன்மை ஆர்ட்டிகிள்களான 'லே', 'தே' இரண்டுமே இருபாலுக்கும் பொது.

ஒருமையில் எந்தச் சொல்லுக்கு முன்னாலும் வேறுபாடு மறையாத ஜோடி 'அன்', 'யூன்'. ஒன்று மூக்கால் ஒலிப்பது, மற்றது உதட்டைக் குவித்துச் சொல்வது. 'யூனார்துவாஸ்' என்றே வாயில் ஏறிய பிள்ளைக்கு, பிற்பாடு 'ல்' வந்தாலும் 'மோன்' வந்தாலும் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கும். பச்சைப் பென்சில் பையை 'யூன் த்ரூஸ் வேர்த்' என்று சொல்லும்போது, பெண்பாலில் மட்டும் ஒலிக்கும் அந்தக் கடைசி 'த்' எதற்கு என்று விளக்கவும் வேண்டியிருக்காது. நான் வேண்டுமென்றே 'அன் த்ரூஸ்' என்றால், வகுப்பே "யூன்! யூன்!" என்று என்னைத் திருத்தும். அவர்களுக்கு அதில் அத்தனை குஷி.

சொல்லின் ஈற்றைப் பார்த்துப் பால் கண்டுபிடிக்கும் விதிகளும் உண்டு. எழுத்துக்கூட்டவே தடுமாறும் வயதில் அவை எடுபடாது. பத்து வயதுக்கு மேல் உதவலாம். அந்த வயதினருக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. வாசிக்கத் தொடங்கியவர்கள் நோட்டில் சொல்லுக்கு அடியில் வண்ணக்கோடு போடுவதை நான் தடுப்பதில்லை.

அப்புறம் கத்தரிக்கோல். அது எப்போதும் பன்மை, 'தே சிஸோ'. அதன் பாலை இந்த வயதில் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் சொல்வதில்லை.