ஐப்பசி மழைக்கு முன் வைக்கோல்: படப்பு போடுவதா, உருளைக் கட்டு அடுக்குவதா?

புரட்டாசி முடியப் போகிறது. மதுரைக்கு ஆண்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற மாதம் அக்டோபர். இரண்டு மாடு நிற்கிற வீட்டில் அதற்குள் ஒரு சனி, ஞாயிறை வைக்கோலுக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். அடைமழை பிடித்துவிட்டால் மேய்ச்சலுக்கு ஓட்ட முடியாது, புல்லறுக்க வரப்பில் கால் வைக்க முடியாது. தை வரைக்கும் சேர்த்து வைத்த வைக்கோல்தான் கதி. அதைப் பழையபடி படப்பாக, அதாவது வைக்கோல் போராகப் போடலாம், அல்லது மெஷின் சுற்றிக் கொடுக்கும் உருளைக் கட்டாக வாங்கி அடுக்கலாம். எங்கள் தொழுவத்துக்கு இப்போது உருளைக் கட்டுதான். இரண்டு மூன்று மாட்டுக்காரர்களுக்கு அதையே சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கட்டை ஒரே ஆள் தூக்கிவிடலாம், சின்ன வண்டியில் ஏற்றலாம், எண்ணி வாங்கி எண்ணிச் செலவழிக்கலாம், இடமும் குறைவு. படப்புக்குத் தார்ப்பாய் வேண்டாம், கயிறு வேண்டாம், திறந்தவெளியே போதும். எலியும் அதைத் தேடி வரும் பாம்பும் இரண்டிலும் உண்டு. கோழிக்கு மட்டும் படப்புதான் பிடிக்கும்.

முடிவு செய்வது ஈரம்.

ஒழுங்காகப் போட்ட படப்பு தன் மேல் விழும் தண்ணீரைத் தானே வடித்துவிடும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி ஓரத்தைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். நடுவில் நன்றாக மிதித்து நிரப்பினால்தான் ஓரத்துத் தாள்கள் வெளிப்பக்கம் சரிந்து, கூரை போலத் தண்ணீரை வெளியே தள்ளும். சுவரை நேராக ஏற்றாமல் தோள் உயரம்வரை கொஞ்சம் வெளியே புடைக்கவிட்டு, பிறகு குறுக்கி முகடு கட்டுவார்கள். சொட்டுகிற நீர் அடியில் படாமல் தள்ளி விழும். முகட்டின்மேல் வைக்கோல் பிரி திரித்துப் போட்டு, இரண்டு முனையிலும் கல்லைத் தொங்கவிட்டால் காற்றுக்கும் அசையாது. நடுவில் பள்ளம் விழுந்த படப்பு புனல்தான்; பெய்த மழையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் கையறுப்பு அறுத்து, களத்தில் அடித்து எடுத்த நீளத் தாளுக்குப் பொருந்தும். இப்போது நம் கைக்கு வருவது அறுவடை மெஷின் கக்கிய வைக்கோல். நசுங்கி, ஒடிந்து, திசைக்கொன்றாகக் கிடக்கும். ஓரத்தில் சரிவாக நிற்கத் தாளில் நீளமே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரர் போட்டாலும் மெஷின் வைக்கோல் படப்பு கம்பளி போலத் தண்ணீரைக் குடிக்கும். அந்தக் கெட்டிக்காரரும் இன்று ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். நீளத் தாளும் போடத் தெரிந்த கையும் உங்களுக்கு வாய்த்திருந்தால் படப்பே போடுங்கள், அதை மிஞ்ச எதுவும் இல்லை. பிடுங்கும்போது மட்டும் தென்மேற்குப் பக்கமாகப் பிடுங்குங்கள். சாரல் அடிப்பது வடகிழக்கிலிருந்து.

அப்படியானால் கட்டில் ஈரப் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இடம் மாறுகிறது. படப்பு வெளியே அரையடி கறுத்துப்போய் உள்ளே பொன்னாக இருக்கும். உருளைக் கட்டு வெளியே பொன்னாக இருந்து உள்ளே கறுக்கும். இறுக்கிச் சுற்றிய கட்டுக்குள் மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. பூசணம் வேலை செய்யத் தொடங்கினால் நடு சூடேறும். ஒரு மாதம் கழித்துக் கயிறை அறுக்கும்போது வெள்ளைப் புகை போலத் தூசி கிளம்பும், புளித்த புகையிலை வாடை வரும். அதை எருக்குழியில்தான் கொட்ட வேண்டும். மாட்டுக்குப் போட்டால் கழிச்சல், பால் குறைவு. சினை மாடாக இருந்தால் கரு கலையும் ஆபத்தும் உண்டு.

அதனால் வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். பெரியாறு பாசனக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம். வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் முதல்போக அறுப்பு சரியாகப் புரட்டாசி, ஐப்பசியில் வந்து மழையோடு மோதும். இப்போது அங்கே கிடைக்கும் புதுக் கட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். ஈர வயலில் பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை மெஷின்) ஓடியிருந்தால் வைக்கோல் சேற்றில் மிதிபட்டிருக்கும். கட்டு கட்டும் மெஷின் அந்தச் சேற்றையும் சேர்த்தே சுற்றும். மேலூர்ப் பக்கத்து ஒருபோக வயலில் தை, மாசி வெயிலில் காய்ந்து, கொட்டகையில் இருந்த பழைய கட்டு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை எடுங்கள்.

சோதிப்பது சுலபம். ஏறக்குறைய இரண்டடி விட்டம், மூன்றடி நீளமுள்ள கட்டு நன்றாகக் காய்ந்திருந்தால் 15 கிலோ முன்னே பின்னே நிற்கும். லோடில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து கட்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒரே அளவுக் கட்டில் ஒன்று மட்டும் 20 கிலோ காட்டினால் அந்த 5 கிலோ பெரும்பாலும் தண்ணீர் அல்லது மண். 11, 12 கிலோ என்றால் தளர்வாகச் சுற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். பிறகு கடப்பாரையைக் கட்டின் நடுவில் செருகி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து உருவுங்கள். முனை உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டாலே அந்த லோடு வேண்டாம்.

கணக்கு இப்படி வரும். மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்றால் இரண்டு மாட்டுக்கு 10 கிலோ. 70 கட்டு வாங்கினால் மூன்று மாதத்தைத் தாண்டி ஓடும். கீழே 4, அதன்மேல் 3, 2, 1 என்று படுக்கவைத்து முக்கோணமாக அடுக்கினால் ஒரு வரிசைக்கு 10 கட்டு. ஏழு வரிசைக்கு 8 அடி அகலம், 21 அடி நீளம், 7 அடிக்குச் சற்று மேல் உயரம். இதற்கு 18க்கு 24 அடித் தார்ப்பாய் அளவெடுத்தது போல் உட்காரும்.

சனிக்கிழமை முழுக்கத் தரைக்கு. தரையில் தார்ப்பாயை விரித்து அதன்மேல் அடுக்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஓரமாக இறங்கும் நீர் அதில் தேங்கி, அடிவரிசை முழுவதும் ஊறிவிடும். ஹாலோ பிளாக் கல்லை வரிசையாக வைத்து, அதன்மேல் பனங்கட்டையோ தென்னங்கட்டையோ போட்டு, குறுக்கே சீமைக்கருவேலங் கம்பைப் பரப்பினால் தரைக்கும் கட்டுக்கும் நடுவே முக்காலடியாவது காற்று ஓடும். சுற்றிலும் ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தாழ்வான பக்கம் திறந்துவிட வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதைச் செய்யாவிட்டால் அடுக்குக்கு அடியில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும்.

ஞாயிறு அடுக்கும்போது 21 அடி நீளப் பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். சாரல் தார்ப்பாயில் அடிக்கும், திறந்திருக்கும் இரண்டு முனையும் தப்பும். அந்த முனைகளை மூடவே கூடாது. முழுக்கப் போர்த்திய அடுக்கில் இரவு குளிர்ந்ததும் தார்ப்பாயின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். மழையே படாத கட்டு பூசணம் பிடிப்பது இப்படித்தான். உச்சிக் கட்டுகளின்மேல் பழைய பைக் டயர்களைப் போட்டு, அவற்றின்மேல் நீளவாக்கில் மூங்கிலை வைத்து, அதற்கும் மேல் தார்ப்பாயை விட்டால் முகட்டில் காற்றுச் சந்து கிடைக்கும். கல்லை மேலே ஏற்ற வேண்டாம், காற்றில் உரசிப் பொத்தல் போடும். ஓரக் கண்ணிகளில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிடுங்கள். முகட்டில் விரல் நுழையும் பொத்தல் ஒன்று போதும்: உச்சிக் கட்டில் இறங்கிய நீர் கீழே இரண்டுக்கும், அங்கிருந்து மூன்றுக்குமாகப் பிரிந்து போகும். மெல்லிய நீலத் தார்ப்பாய் நம்மூர் வெயிலில் நார்நாராக உரிந்துவிடும், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்) கேட்டு வாங்கலாம்.

இந்தச் செலவு படப்புக்குக் கிடையாது என்பது உண்மை. ஆனால் மெஷின் வைக்கோலைப் படப்பாகப் போட்டால் அதற்கும் கடைசியில் தார்ப்பாய் மூடத்தான் போகிறீர்கள். பத்துப் பதினைந்து மாடு என்றால் கணக்கு வேறு. அங்கே தகரக் கொட்டகை இல்லாமல் கட்டு வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். சோளத்தட்டைக்கும் இந்த அளவுகளைப் பொருத்த வேண்டாம்.

ஐப்பசியில் தீபாவளியும் வரும். படப்போ கட்டோ, வீட்டிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீரும் நிற்கட்டும். ராக்கெட் தார்ப்பாயையும் விடாது.

முதல் பெருமழை விட்ட மறுநாள் அதே கடப்பாரையை அடுக்கின் நடுவரிசையில் செருகிப் பாருங்கள். கட்டைப் பிரிக்கும்போது கயிறை ஓரிடத்தில் மட்டும் அறுத்து, முழு நீளத்தையும் உருவி ஆணியில் மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறாக இருந்தால் இரண்டு தடவை பாருங்கள். மாடு விழுங்கிய துண்டு செரிக்காது, வெளியேயும் வராது, வயிற்றிலேயே சேர்ந்துகொண்டே போகும்.