புதிய இயக்குநருக்கு எந்தப் பயிற்சி: இணையத் தேர்வா, விடுதி வகுப்பா, பணிமனையா?

மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு போக்குவரத்துக் கழகத்தில் நான் நிறுவனச் செயலராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் இயக்குநர் குழுவில் ஐந்து பேர் புதிதாக வந்தார்கள். நால்வர் அரசுத் துறை அதிகாரிகள். ஒருவர் சுயேச்சை இயக்குநர், அதாவது நிர்வாகத்தைச் சாராத வெளியாள். இவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வழிகளைப் பரிசீலித்தேன். எங்கள் பேருந்துப் பணிமனையிலேயே பயிற்சி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

இணையத் தேர்வின் விவரம் பலருக்கும் தெரிந்ததே. 2019 டிசம்பர் முதல், சுயேச்சை இயக்குநர்கள் மத்திய அரசின் தரவு வங்கியில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். மானேசரில் உள்ள இந்தியப் பெருநிறுவன விவகாரங்கள் நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு தேர்வில் தேற வேண்டும். தொடக்கத்தில் 60 சதவீதமாக இருந்த தேர்ச்சி மதிப்பெண் 2020 டிசம்பரில் 50 ஆகக் குறைந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனிச் சட்டமும் பங்குச்சந்தைச் சட்டமும் அடிப்படைக் கணக்கியலும் பாடங்கள். பொறியியல் பின்புலத்தில் வந்த எங்கள் சுயேச்சை இயக்குநருக்கு அந்தப் படிப்பு உண்மையிலேயே உதவியது. இயக்குநர் கவனத்தோடும் திறமையோடும் தன் சொந்த முடிவோடும் செயல்பட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்வதை அவர் அங்கேதான் படித்தார். ஆனால் இந்தத் தேர்வு சுயேச்சை இயக்குநருக்கு மட்டுமே உரியது. பதவி வழியாக வரும் செயலர்களும் துறைத் தலைவர்களும் எதையும் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஐவரில் நால்வரைத் தொடாத பயிற்சியை நம்பி நான் எப்படி இருக்க முடியும்?

வெளியூரில் தங்கிப் படிக்கும் மூன்று நாள் விடுதி வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற நிறுவன இயக்குநர்களோடு பழகும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது. அதன் மதிப்பு பெரிது. செலவும் பெரிது. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போது எந்த அதிகாரியும் மூன்று நாள் ஊரை விட்டு நகர முடியாது. நான் உடன் சென்றது ஒரே ஒரு வகுப்புக்கு. அதில் பேசப்பட்டவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் கதைகள். மானியத்தை எதிர்பார்த்து ஓடும் ஒரு கழகத்தின் கணக்கு அங்கே எடுக்கப்படவே இல்லை. வேறு இடங்களில் இதைவிட நல்ல வகுப்புகள் நடக்கலாம். ஒரு வகுப்பை வைத்து எல்லாவற்றையும் எடை போட மாட்டேன்.

நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி என்ற யோசனை எனக்கு 2010ஆம் ஆண்டின் நிர்வாக நெறிமுறைகளிலிருந்து வந்தது. மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்காக வெளியிடப்பட்டவை அவை. புதிய இயக்குநர் எவராக இருந்தாலும், அரசு நியமன இயக்குநர் உட்பட, அந்த நிறுவனத்தின் தொழில் முறையிலும் அதன் இடர்களிலும் பயிற்சி தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. மாநிலக் கழகமான எங்களை அவை கட்டுப்படுத்தாது. இருந்தும் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டோம்.

இரண்டு சனிக்கிழமைகள், தலா அரை நாள். முதல் நாள் அதிகாலை நாலரை மணிக்குப் பணிமனையில் தொடங்கினோம். வண்டிகள் வெளியேறுவதையும், உதிரிபாகம் இல்லாமல் நிற்பவற்றையும் இயக்குநர்கள் நேரில் பார்த்தார்கள். பிறகு நிதிப் பிரிவு. ஒரு கிலோமீட்டருக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதற்கு அரசு தரும் ஈட்டுத்தொகை கணக்கில் எங்கே உட்காருகிறது? ஓய்வு பெற்றவர்களுக்குத் தர வேண்டிய பணப்பலன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது? இரண்டாம் சனிக்கிழமையின் அரை நாளையும் தணிக்கைக்கே கொடுத்தோம். அரசு நிறுவனத்துக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அந்தத் தணிக்கையாளரின் அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் சிஏஜி துணைத் தணிக்கை செய்து தன் கருத்தைச் சொல்லலாம். கடந்த மூன்று ஆண்டுக் கருத்துகளையும் நாங்கள் கொடுத்த பதில்களையும் அருகருகே வைத்துப் படித்தோம்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த நிகழ்ச்சி நிரல் அல்ல. இயக்குநர்கள் எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்பதுதான். மாநிலக் கழகத்தின் குழுவில் அமரும் அதிகாரி ஓராண்டில் மாறலாம், நான்கு மாதத்திலும் மாறலாம். விடுதி வகுப்பில் அவர் கற்றது அவரோடு அடுத்த துறைக்குப் போய்விடுகிறது. அரசுக்கு அது நட்டமில்லை. எங்கள் குழுவுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. உள்பயிற்சிக்காக நாங்கள் தயாரித்த நாற்பது பக்கக் கோப்பு அப்படியே இருக்கிறது. தணிக்கை எழுப்பி இன்னும் முடிவுறாத ஆட்சேபங்கள், கடன்களும் தவணை நாட்களும், நிலுவை வழக்குகள், குழுவில் ஒப்புக்கொண்டு இன்னும் செய்யாத வேலைகள் என்று அதில் நான்கு பகுதிகள். காலாண்டுக்கு ஒரு முறை நானும் ஒரு கணக்கு அலுவலரும் இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் புதுப்பிக்கிறோம். ஒரு முறை இரண்டு காலாண்டு விட்டுவிட்டோம். பழைய வழக்குப் பட்டியலைப் பார்த்த ஒரு இயக்குநர் அதன் பிறகு கோப்பைத் திறக்கவே இல்லை. அவர் நம்பிக்கையை மீட்க மாதங்கள் ஆயின. பராமரிக்க ஆள் இல்லாத நிறுவனத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்ட நோக்கிலும் கோப்புக்கு எடை உண்டு. குழு நடவடிக்கைகள் வழியாகத் தெரிந்திருந்து, உடன்பட்டு அல்லது கவனக்குறைவாக இருந்து நடந்தவற்றுக்கே சுயேச்சை இயக்குநர் பொறுப்பாவார் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு. என்ன தெரிவிக்கப்பட்டது என்பது எழுத்தில் இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் கட்டுப்பாடு.

உள்பயிற்சியின் பெரிய குறை, சொல்லித் தருபவர் நிர்வாகமே என்பது. தன் தவறை அது மறைக்கலாம். அதனால் தணிக்கையாளர் பேசும் ஒரு மணி நேரம் மேலாண் இயக்குநரும் நானும் அறையில் இருப்பதில்லை. இது போதுமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. என் அனுபவம் ஒரே தொழில் செய்யும், பங்குச் சந்தைக்கு வராத கழகத்தில் மட்டும்தான். துணை நிறுவனங்களோடு பரந்து கிடக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கு இரண்டு சனிக்கிழமை எந்த மூலைக்கு? அங்கே சிக்கலே வேறு: போதிய சுயேச்சை இயக்குநர்கள் இல்லை என்று இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி போன்றவற்றுக்குப் பங்குச் சந்தைகள் அபராதம் விதித்ததும், நியமிப்பது அரசுதான் என்று அவை பதில் சொன்னதும் செய்தியாயின. காலி நாற்காலிக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

எங்கள் குழுவுக்கு வந்த நான்கு அதிகாரிகளில் ஒருவர் அக்டோபரில் மாறினார். புதியவருக்கும் குழுக் கூட்டத்துக்கும் இடையே ஒன்பது நாள்தான். பணிமனைக்கு வர நேரமில்லை. கோப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் தேய்ந்த டயர்களுக்குப் புது மேல்பட்டை போடும் (ரீட்ரெடிங்) ஒப்பந்தம் ஒப்புதலுக்கு வந்தபோது, அது பற்றிய இரண்டு ஆண்டுக்கு முந்தைய தணிக்கைக் கருத்து ஏன் கூட்டக் குறிப்பில் இல்லை என்று கேட்டார். அன்று அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. விளக்கம் சேர்த்து அடுத்த கூட்டத்தில் வைத்தோம்.