காப்பி இயந்திரத்தின் சுண்ணாம்புப் படிவு: வினிகரா, எலுமிச்சை உப்பா, புட்டித் திரவமா?

பினாங்கு வீடுகளின் குழாய் நீரில் பெரும்பகுதி, கெடாவின் எல்லையாக ஓடும் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்று நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு; கடின நீர் உள்ள ஊர்களைப் போல இங்கே மின்கெட்டிலின் அடியில் சில வாரங்களிலேயே வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடுவதில்லை. ஆயினும் படிவை நீக்கச் சொல்லும் காப்பி இயந்திரத்தின் எச்சரிக்கை விளக்கு இங்கும் எரியத்தான் செய்கிறது. பல இயந்திரங்களில் அவ்விளக்கு படிவைக் கண்டு எரிவதன்று; ஓடிய நீரின் அளவையும், நாம் பதிந்துவைத்த நீர்க் கடினத்தையும் கொண்டு கணக்கிட்டு எரிவது. ஆகவே, பெட்டியோடு சோதனைத் தாள் வந்திருந்தால் அதைக் குழாய் நீரில் நனைத்துப் பார்த்து, அதற்கேற்ப அமைப்பை மாற்றிய பிறகே படிவைக் கரைக்க எந்த அமிலத்தை வாங்குவது என்று யோசிக்க வேண்டும். (துணி வடிகட்டியில் கோப்பி ஆற்றும் கடைக்காரருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.)

வினிகர் வலுவற்றது என்று பலர் ஒதுக்குகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 5 விழுக்காட்டு வினிகரைச் சம அளவு நீரில் கலந்தால், அதன் ஒரு லிட்டர் கரைக்கக்கூடிய சுண்ணாம்பு ஏறத்தாழ 20 கிராம். ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கலந்தாலும் கரைக்கும் அளவு கிட்டத்தட்ட அதுவே. வினிகரை நான் தள்ளுவது வேறு காரணங்களுக்காக: அதன் வாடை பல முறை அலசினாலும் விடுவதில்லை, ரப்பர் வளையங்களுக்குக் கேடு என்று கருதி, அதைப் பயன்படுத்த வேண்டாம் எனச் சில தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

எலுமிச்சை உப்புக்கு வாடையில்லை. கேக் செய்பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. 1784இல் ஸ்வீடனின் வேதியியலாளர் ஷீலே, எலுமிச்சைச் சாற்றோடு சுண்ணாம்பைச் சேர்த்து, கால்சியம் சிட்ரேட்டாகப் படியவைத்துத்தான் அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அன்று அவருக்கு உதவிய அதே படிவு இயந்திரத்தின் மெல்லிய குழாய்க்குள் உண்டானால் நமக்குத் தொல்லை. கால்சியம் சிட்ரேட் வெந்நீரில் இன்னும் குறைவாகவே கரையும் என்பதால், கரைசலை அறை வெப்ப நீரில் கலக்க வேண்டும். இயந்திரம் தானே சூடேற்றும் வகையாயின் அளவைக் குறைத்து, நெடுநேரம் ஊற விடாமல் வெளியேற்றிவிட வேண்டும். படிவு தடித்துப்போன இயந்திரத்துக்கு இது ஏற்றதன்று.

இங்கேதான் படிவை நீக்கவென்றே கடையில் விற்கும் புட்டித் திரவம் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. அத்தகைய திரவங்கள் சிலவற்றில் லாக்டிக் அமிலம் உள்ளது. அது கால்சியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் லாக்டேட் நீரில் எளிதில் கரைந்து வெளியேறும். சிட்ரிக் அமிலத்தின் குறையை இது தீர்த்துவிடுகிறது. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்துக்கும், பல ஆண்டுகளாகத் தொடாமல் விட்ட இயந்திரத்துக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன். மற்றபடி, தீவின் மென்மையான நீரில் ஓடி, காலந்தவறாமல் சுத்தம் செய்யப்படும் இயந்திரத்துக்கு எலுமிச்சை உப்பே போதும்.

குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் புளியையோ, லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையின் சாற்றையோ இயந்திரத்தில் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது, அவற்றிலுள்ள சக்கையும் சர்க்கரையும் வால்வில் தங்கிவிடும்.

எதைத் தேர்ந்தாலும் தொட்டி நிறைய நல்ல நீரை இருமுறை ஓட்டி அலச வேண்டும். அதன் பிறகும் காப்பி கசந்தால் சுண்ணாம்பின் மீது பழி போட வேண்டாம். காப்பிக் கொட்டையின் எண்ணெய்ப் பசை அமிலத்துக்கு அசையாது. அதற்கெனக் காரத்தன்மையுள்ள துப்புரவுத் தூள் தனியே விற்கிறது.