பகல் நேரப் பராமரிப்பு மையம்: அப்பாவோடு ஓராண்டுக்கு மேல் போய்வந்த அனுபவம்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிய பிறகு, கோலாலம்பூரில் ஒரு பகல் நேரப் பராமரிப்பு மையத்துக்கு வாரம் ஒருநாள் அழைத்துப் போனோம். "பெத்தவரைக் கொண்டுபோய் விட்டுட்டு வர்றீங்களா?" என்று சொந்தத்தில் சிலர் கேட்டார்கள். அதே யோசனையில் தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காலையில் விட்டு, பிற்பகலில் கூட்டி வர வேண்டும். இரவு தங்க வைக்கமாட்டார்கள். ஹோஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு) நோயாளிகளுக்கு இப்படிப் பகலில் மட்டும் இயங்கும் மையத்தை 1975-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செயின்ட் லூக்ஸ் ஹோஸ்பிஸ் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பார்ப்பது வேறு சேவை. 1991-இல் உருவான ஹோஸ்பிஸ் மலேசியா கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் அதைக் கட்டணமே இல்லாமல் செய்கிறது. வீட்டுக்கு வரும் மிஸ்ஸி (தாதி) வலியையும் மருந்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மீதி நேரம் முழுக்க அம்மாதான்.

மையத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது அவர்களுடைய கவனம். ஒருநாள் மிஸ்ஸி அப்பாவின் குதிகாலில் இருந்த சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தார். "பாருங்க, வெளுக்கல. இது படுக்கைப் புண்ணோட ஆரம்பம்" என்று காட்டினார். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா தினமும் அழுத்திப் பார்ப்பார். மார்ஃபின் குடித்தால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை நிறுத்தக் கூடாது என்பதும் அங்கேதான் மண்டையில் ஏறியது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வீட்டில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தவர், அங்கே ஒரு சீனப் பெரியவரோடு மலாய் மொழியில் பழைய தோட்டக் கதைகளைப் பேச ஆரம்பித்தார். திரும்பி வரும்போது வண்டியில் மின்னல் எஃப்.எம் வைக்கச் சொன்னார். அம்மா அந்த நேரத்தில் என்ன செய்தார் என்கிறீர்களா? தூங்கினார். இரவில் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

பெரிய குறை பயணம்தான். சக்கர நாற்காலி ஏறும் வேன் வாடகை கையைக் கடிக்கும். ஒருமுறை பதிவு செய்த வேன் வரவே இல்லை. எலும்பு வலிக்காரருக்குச் சாலையில் ஒவ்வொரு மேடும் வேதனை. திடீர் வலிக்கென்று தந்திருந்த மார்ஃபினைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்புறம்தான் பயணம் தாங்க முடிந்தது. இதை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

இன்னொன்று, உட்கார முடிகிறவரைக்கும்தான் இந்தச் சேவை. இப்போது அப்பா படுத்த படுக்கை. அம்மாவுக்கு ஓய்வு இன்னும் அதிகமாகத் தேவைப்படும் இந்த நேரத்தில் மையத்துக்குப் போக வழியில்லை. வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும்.

நகரத்திலேயே இப்படி என்றால், கெடாவில் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை என்ன செய்வார்? மாமா பக்கவாதத்தில் கிடக்கிறார். பட்டணத்துக்குப் போய்வருவதிலேயே பகல் போய்விடும், ஓய்வு எங்கே கிடைக்கும்? அங்கெல்லாம் நோயாளியை மையத்துக்கு வரச்சொல்வது சரிப்படாது. மையம்தான் அவரிடம் போக வேண்டும். தோட்டத்துக் கோயில் மண்டபம் வாரத்தில் பல நாள் சும்மாதானே கிடக்கிறது? சாய்வு நாற்காலிகள், ஒரு தாதி, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் இருவர், கூப்பிட்டால் பேசும் ஒரு மருத்துவர் இருந்தால் மாதம் இரண்டு முறையாவது நடத்தலாம். தேசிய வலித்தணிப்புப் பராமரிப்புத் திட்டம் 2019-இலிருந்து 2030 வரைக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அது முடிவதற்குள் தோட்டங்களுக்கும் இது வந்தாக வேண்டும்.

பட்டணத்தில் இருப்பவர்கள், நோயாளி நாற்காலியில் உட்காரும் நிலையில் இருக்கும்போதே சிகிச்சை தரும் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போகும்போது மருந்துப் பட்டியல், திடீர் வலி மருந்து, மாற்று உடை, பெம்பர்ஸ் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.