அசல் ஆஸ்டராய்ட்ஸ் என்றால் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

பழைய ஆர்கேட் பெட்டி, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் ஆஸ்டராய்ட்ஸ் பெட்டிக்கு 1,900 டாலர் கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

1981ல் எனக்குப் பத்து வயது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு பீட்சா கடை. அப்பா கொடுக்கும் காசையெல்லாம் ஆஸ்டராய்ட்ஸில்தான் போடுவேன். பக்கத்திலேயே சன்னிவேலில் இருந்த அடாரி நிறுவனம் 1979ல் கொண்டுவந்த, விண்வெளிப் பாறைகளைச் சுடும் ஆட்டம் அது; லைல் ரெயின்ஸின் யோசனை, எட் லாக் எழுதிய புரோகிராம். அந்தத் திரை டிவி மாதிரி கிடையாது. அந்தக் கால டிவியில் எலக்ட்ரான் கதிர் மேலிருந்து கீழே வரிவரியாக ஓடிப் படத்தை நிரப்பும். இந்த ஆட்டத்தின் வெக்டர் ட்யூபிலோ (படக்குழாய்), கோலம் போடும் கை போல, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேராகக் கோடு இழுக்கும். சாய்ந்த கோட்டில்கூடப் படிக்கட்டு மாதிரி வெட்டு தெரியாது. சுடும் குண்டு இருட்டில் தீப்பொறியாக ஜொலிக்கும். அதை மறுபடி பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்.

விற்றவர் வெளி மாநிலத்து வியாபாரி. "எல்லாமே அசல், நன்றாக ஓடுகிறது" என்றார். படங்களில் பக்கவாட்டு ஓவியம், பட்டன்கள், காசு போடும் கதவு எல்லாம் சரியாகவே இருந்தன. ஓடும் வீடியோ கேட்டதற்கு, "பழைய ட்யூப், சும்மா சும்மா போடக்கூடாது" என்றார். அவருக்கு ட்யூப் மேல் அக்கறை என்று நம்பிவிட்டேன்.

பெட்டி வந்து இறங்கியது. போட்டதுமே பாறைகளின் ஓரமெல்லாம் படிக்கட்டு. குண்டு வெறும் சாம்பல் புள்ளி. பின்கதவைத் திறந்தேன். 19 அங்குல ட்யூப் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மரச்சட்டம் அடித்து ஒரு எல்சிடி திரை. கீழே உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு, டேப் போட்டு ஒட்டியிருந்தது. அசல் ட்யூபைத் தனியாக விற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். இப்போது அவற்றைப் புதிதாக யாரும் செய்வதில்லை.

கேட்டால், "ஆட்டம் அதேதானே சார்?" என்றார். அதோடு போனை எடுப்பதில்லை. பணத்தை நேரடியாகக் கணக்குக்கு அனுப்பியிருந்ததால் வங்கியும் கைவிரித்துவிட்டது.

வாங்குவதாக இருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு ஆட்டம் ஓடும் வீடியோ கேளுங்கள். அதே வீடியோவில் பின்கதவு திறந்து ட்யூபின் கழுத்து, அதாவது பின்பக்கக் குறுகிய முனை, தெரியவேண்டும். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஆனால் உள்ளே கையை விடாதீர்கள், அணைத்த பிறகும் ட்யூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

போன வாரம் அதே ஆள் மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார். இந்த முறை டெம்பெஸ்ட், 1981ல் வந்த கலர் வெக்டர் ஆட்டம். பத்துப் படங்களில் ஒன்றில்கூடத் திரை ஓடவில்லை.