இளைஞர் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வதாகச் சொல்லி வருபவர்களை நம்பாதீர்கள் – யாழ்ப்பாணப் பெற்றோர் கவனத்துக்கு

கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் வாசியுங்கள். என் அக்காவின் மகளுக்கு நடந்தது இது. மருமகளுக்கு 16 வயது. அவளிடமும் அக்காவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரியூசனில் வகுப்பு முடிகிற நேரம் இரண்டு பேர் ரை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தேசிய மட்டத்தில் இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி, மாவட்டத்துக்குக் கொஞ்சப் பேர்தான், மஹரகமவில் ஐந்து நாள் முகாம் என்று சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். மஹரகம என்றதும் அக்கா நம்பிவிட்டார். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் தலைமையகம் அங்கேதானே இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் மன்றத்தின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஊரின் பெயரை மட்டும்தான் சொன்னார்கள். இதை நாங்கள் பிறகுதான் யோசித்தோம்.

நேர்முகத் தேர்வுக்குப் பதிவுக் காசு 1,500 ரூபா. மருமகள் இரண்டு இரவு கிணற்றடியில் நின்று பேசிப் பழகினாள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், வற்றாத ஆறு இல்லை, பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருக்கிறோம், தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன, இதற்கு இளைஞர் கழகங்கள் என்ன செய்யலாம் என்று அழகாக எழுதி வைத்திருந்தாள். அங்கே போய்ச் சொல்லத் தொடங்கியதும் ஒருவர் இடைமறித்து, “வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா கனடாவில் என்றாள். அதை எழுதிக் கீழே கோடு போட்டாராம். கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். எல்லோரிடமும் அதே கேள்விதான்.

ஒரு கிழமையில் தெரிவுக் கடிதம் வந்தது. அவளுடைய வகுப்பில் போன 23 பேருக்கும் வந்தது. மாவட்டத்துக்குக் கொஞ்சப் பேர் என்றவர்கள் ஒருவரையும் விடாமல் தெரிவு செய்திருக்கிறார்கள். அங்கேயே நாங்கள் நின்றிருக்க வேண்டும். சீருடை, போக்குவரத்து, காப்புறுதி என்று 18,500 ரூபாவை மூன்று நாளுக்குள் வங்கியில் போடச் சொன்னார்கள். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். அக்கா காப்பை அடைவு வைத்துக் கட்டினார். கடிதத்தில் இருந்த முத்திரையை நான் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் ‘ப்’ இல்லை. “யாழ்பாணம்” என்று வெட்டியிருந்தார்கள்.

புறப்படும் நாள் விடிய ஐந்து மணிக்கு முத்திரைச்சந்தியில் சங்கிலியன் சிலையடிக்கு வரச் சொன்னார்கள். அக்கா பயற்றம் பணியாரம் சுட்டுப் பெட்டியில் போட்டிருந்தார். பஸ் வரவில்லை. தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. ஏழு மணி மட்டும் பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். “மாமா, நான் இன்ரவியூவில வடிவாக் கதைக்கேல்லையோ?” என்று கேட்டாள். தன்னில் பிழை என்று நினைத்திருக்கிறாள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

பிரதேச செயலகத்துக்குப் போய் இளைஞர் சேவை அதிகாரியைக் கண்டோம். அப்படி ஒரு முகாம் இல்லை என்றார். மன்றம் 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். கிராம மட்டத்தில் இளைஞர் கழகம், பிறகு பிரதேச, மாவட்டச் சம்மேளனம், அதற்குமேல் தேசிய சம்மேளனம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. யாராவது படிவத்தோடு வந்தால், காசு கட்டுமுன் அந்த அதிகாரியிடம் ஒருதரம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தின் ஊடாக வந்தது என்றால் அதிபரிடம் கேளுங்கள். அரச அலுவலகம் காசு வாங்கினால் ‘பொது 172’ என்ற அரச பற்றுச்சீட்டுத் தரும். பள்ளிக்கூடத்தில் வசதிக் கட்டணம் கட்டியவர்களுக்கு அது தெரியும். எங்களுக்குக் கிடைத்தது கடையில் விற்கும் சாதாரணப் பற்றுச்சீட்டு.

காசைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, இரண்டு போட்டோ, பிள்ளையின் சொந்தத் தொலைபேசி இலக்கம் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. முகாம் நாளுக்குப் பிறகு இரவு பத்து மணிக்குமேல் தெரியாத இலக்கங்களில் இருந்து இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அப்படி வந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். இலக்கத்தைக் குறித்துவைத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. இனி விண்ணப்பம் எதுவாக இருந்தாலும் பெற்றோரின் இலக்கத்தையே எழுதுங்கள். பிரதி கொடுத்தால், எதற்காகக் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதித் திகதி போடுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். அக்கா வங்கித் துண்டு, கடிதம், கடித உறை எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததால் எழுதுவது சுகமாக இருந்தது. இதுவரை நான்கு பெற்றோர்தான் எங்களோடு வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஊர் என்ன சொல்லும் என்று பேசாமல் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. வங்கித் துண்டை எறிந்துவிடாமல் உங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் சொல்லுங்கள், நானும் அக்காவும் கூட வருகிறோம்.