ஜன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏர் பியூரிஃபையரா?

ஃபிளாட்டுக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வீட்டில் என்ன தொந்தரவு என்றுதான் முதலில் கேட்பேன். தூசியா, சமையல் புகையா, சுவரில் பூஞ்சையா, காலையில் எழுந்ததும் தலை கனக்கிறதா? ஒன்றுக்குப் பயன்படுவது இன்னொன்றுக்கு உதவாது.

தலை கனம் என்றால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த சின்ன அறையில் இரண்டு பேர் தூங்கினால், விடிவதற்குள் அது 2000-ஐத் தாண்டிவிடக்கூடும். எவ்வளவு விலை கொடுத்த பியூரிஃபையரும் இதைக் குறைக்காது. ஸ்பிளிட் ஏசியும் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஏசி ஓடினால் புதுக்காற்று வருகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர்.

ஆனால் ஃபிளாட்டில் ஜன்னல் பல நேரம் ஒரே பக்கம்தான் இருக்கும். உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக வழி வேண்டாமா? ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் ஓரளவு சரியாகும். அப்புறம், கீழ்வீட்டு சிகரெட் புகையும் அதே ஜன்னல் வழியாகத்தான் வரும். சாலை பக்கமென்றால் வண்டிப் புகையும் சேரும். போக்குவரத்து ஓய்ந்த நேரம் பார்த்துத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில்தான் பியூரிஃபையருக்கு மதிப்பு. நல்ல ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். நுண்துகளுக்கு, அதாவது பிஎம் 2.5-க்கு, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். நெரிசலான நகரத்தில் ஜன்னலை மட்டும் நம்பி அந்த அளவுக்கு இறங்க முடியாது. வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு சிஏடிஆர் எண்ணை, அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தருகிறது என்பதைப் பாருங்கள். 12 சதுர மீட்டர் அறை, உயரம் 2.5 மீட்டர் என்றால் 30 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்தமாக வேண்டுமென்றால் சிஏடிஆர் 150 கன மீட்டராவது இருக்க வேண்டும். வாடைக்கென்று வைக்கும் மெல்லிய கார்பன் தாள் சீக்கிரமே ஓய்ந்துவிடும். ஓசோன் விடும் கருவி பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

என் ஓட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு. எண்ணெய்ப் புகை, கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு, குளியலறை ஈரம் எல்லாம் வீடு முழுக்கப் பரவுவதற்கு முன்பே வெளியேற்றுவது இது ஒன்றுதான். பரவிய பிறகு வடிகட்டுவது எப்போதும் கஷ்டம். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையும் அவ்வளவு எளிதில் பிடிக்காது. சிம்னி வாங்கினால் புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். வடிகட்டி மறுபடியும் சமையலறைக்குள்ளேயே விடும் ரகம் பாதி வேலைதான் செய்யும். ஒரு எச்சரிக்கை: எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால், கதவிடுக்கு வழியாகப் பொது நடைபாதைக் காற்றை, அடுத்த வீட்டு வாடையோடு, இழுத்துவரும். ஒரு ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தால் போதும்.

செடிகள்? வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு எல்லோரும் காட்டும் 1989 நாசா ஆய்வு, மூடிய பெட்டிக்குள் செய்தது. 2019-இல் வந்த ஒரு மறு ஆய்வின் கணக்குப்படி, ஜன்னல் இடுக்குகளில் தானாகவே நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும். அழகுக்கு வையுங்கள்.

யாரும் பயன்படுத்தாத குளியலறையிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் இன்னும் அதிகமாகவே இழுக்கும். தரையிலுள்ள டிரெயின் டிராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவில், தண்ணீர் வற்றியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு மக் தண்ணீர் ஊற்றிவிட்டால் சரி.